ஆறு நாள் கஷாயம்

அந்தக் காலத்தில் கருவேலநாடு என்று ஒரு கடலோரச் சீமை. அதை ஆண்டவன் கீர்த்திவாகன். நல்ல மனுஷன்தான், ஆனால் கைதட்டல் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பக்கத்திலேயே நின்று தட்டிக்கொண்டிருப்பார் வரி அதிகாரி வல்லபராயர். வேறு யாராவது ராஜாவைச் சிரிக்க வைத்துவிட்டால் அவருக்கு வயிறு எரியும்.

அந்த நாட்டில் உப்பளத்து ஆட்களுக்கு வாரக்கூலி எட்டு மரக்கால் நெல். அதில் ஒரு மரக்காலை முதலாளி பிடித்து அரசுக் களஞ்சியத்தில் அளப்பார். உடம்பு தளர்ந்துபோன உப்பளத்துக் கிழங்களுக்கு அந்த நெல்லில்தான் கஞ்சி. அதனால் யாரும் முணுமுணுத்ததில்லை.

ஆனி மாதம் ராஜாவின் பிறந்தநாள் வந்தது.

“வேந்தே, நாலு மாசத்துக்குக் கூலியில் பிடிக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊரே வாழ்த்தும்!” என்றார் வல்லபராயர்.

“களஞ்சியம் காலியாகிவிடாதா?”

“எங்கே போகும்? ஐப்பசியிலிருந்து இரட்டிப்பாகப் பிடித்துக்கொள்வோம்.”

தண்டோரா போட்டார்கள். முதல் பாதியைத் தெருத்தெருவாகக் கத்தினார்கள். ஐப்பசிச் சங்கதியை மட்டும் ஓலையின் அடியில் பொடி எழுத்தில் எழுதி, உப்பளக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள் யோக்கியதை!

உப்பளக்காரர் குமரையா அதைப் படித்துவிட்டு, “இப்பவே பிடிச்சு வச்சிடுறேன் தாயி, பின்னால கஷ்டம்” என்றார்.

அவரிடம் வேலை பார்த்த பேச்சி விடவில்லை. “ஊரே எட்டு வாங்குது, எங்களுக்கு மட்டும் ஏழா? நல்லாயிருக்கே நியாயம்!” அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குமரையாவும் எட்டையே அளந்தார்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. மழை விழுந்தால் உப்பு ஏது? பாதி நாள்தான் வேலை, கூலி நாலு மரக்கால். அதில் இரண்டைப் பிடித்தார்கள். ஏழு மரக்கால் வாங்கிய வீட்டில் இப்போது இரண்டு! குமரையா கதை இன்னும் மோசம். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நாற்று நட உள்நாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கையும் நீயே அள என்று வல்லபராயரின் ஆட்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேச்சி அழுதுகொண்டே அக்கா இசக்கியிடம் போனாள். இசக்கிக்கு அரண்மனையில் கஷாயம் காய்ச்சுகிற வேலை. ராஜாவுக்கும் அவன் மைத்துனனுக்கும் முழங்கால் வலி. தினம் ஆளுக்கொரு கிண்ணம், வேப்பெண்ணெயே தேவலை என்கிற கசப்பு.

“சின்னவன் பசியில மண்ணைத் திங்கிறான்க்கா” என்றாள் பேச்சி.

இசக்கி தன் பானையில் இருந்த அரிசியை அவள் முந்தானையில் கொட்டிவிட்டு அரண்மனைக்குப் போனாள்.

“மகாராஜா! இன்னைக்கிலேருந்து ஆறு நாளைக்குக் கஷாயம் வேண்டாம். நீங்க ஊருக்குக் கொடுத்த மாதிரியே சலுகை!” என்று வைத்தியர் ஓலையை நீட்டினாள்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தே விட்டான். “இசக்கி, நீ மகராசி!”

வல்லபராயருக்குப் பொறுக்குமா? “வேந்தே, இந்தச் சலுகை என் பொறுப்பிலேயே நடக்கட்டும். எல்லாம் என் யோசனையைப் பார்த்துச் செய்ததுதானே!”

“தாராளமா உங்க பொறுப்பிலேயே இருக்கட்டும் சாமி” என்றாள் இசக்கி.

ஆறு நாள் கொண்டாட்டம். நடுவிலேயே மைத்துனன் தன் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டான். ஏழாம் நாள் சஷ்டி விரதம் தொடங்கியது. ராஜாவுக்கு ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான். காலையில் சபைக்கு இசக்கி தட்டோடு வந்தாள். தட்டில் நாலு கிண்ணம்.

“என்ன இது?”

“உங்களுக்கு ரெண்டு மகாராஜா. இன்னைக்குள்ளது ஒண்ணு, பழசு ஒண்ணு. ஆறு நாளைக்கு இப்படித்தான்.”

“விரதத்தில், வெறும் வயிற்றிலா? குடலைப் பிடுங்குமே!”

“வைத்தியர் ஓலையில அடியில பொடியா எழுதியிருக்கேனே, பார்க்கலையா?”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா முகம் சிவந்து, “மற்ற இரண்டும் யாருக்கு?” என்றான்.

“மைத்துனர் பங்கு. அவர் ஊருக்குப் போயிட்டார். யார் பொறுப்போ அவங்கதானே குடிக்கணும்?” தட்டு வல்லபராயர் பக்கம் திரும்பியது.

“அநியாயம்!” என்று அலறினார் வல்லபராயர். “அவர் குடிக்காமல் போனதற்கு நானா ஆள்?”

“அதையேதான் சாமி குமரையாவும் ஒரு வாரமா உங்க ஆட்கள்கிட்டக் கேட்கிறார்” என்றாள் இசக்கி. அதுவரை சிரித்த முகம் அப்போது கலங்கியது. “மகாராஜா, வெயில்ல வயிறு நிறைஞ்சிருந்தப்ப விட்டுட்டு, மழையில பட்டினி கிடக்கும்போது ரெண்டா வாங்குறீங்க. என் தங்கச்சி பிள்ளை மண்ணைத் திங்குது.”

ராஜா தலையைக் குனிந்தான். கைதட்டல் கேட்ட காது அன்றைக்குத்தான் வேறொன்றைக் கேட்டது.

“நாலு மாத நெல்லை இனி யாரிடமும் கேட்க வேண்டாம்” என்றான். “கிழவர்கள் கஞ்சிக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அளந்து போடுங்கள். கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். வல்லபராயரே, இதை நீரே தண்டோரா போட்டுச் சொல்லும், கடைசி வரி வரைக்கும் கத்தி. புறப்படுமுன் அந்த இரண்டு கிண்ணத்தையும் குடியும்.”

பிறகு இசக்கியிடம் மெதுவாக, “என் பழைய கிண்ணமும் தள்ளுபடிதானே?” என்றான்.

“ஊருக்கு விட்டது உங்க களஞ்சியம் தாங்கும். உங்களுக்கு விட்டா உங்க முழங்கால் தாங்காதே மகாராஜா. குடிங்க.”

ராஜா கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்தான். இசக்கிக்கு ஒரு வண்டி நெல்லும் கொடுத்தான்.

அடுத்த வாரம் குமரையா பேச்சிக்கு நாலு மரக்கால் கூலியில் வழக்கமான ஒன்றைப் பிடித்துவிட்டு மூன்றை அளந்தார். முன்னே கூடுதலாகப் பிடித்ததையும் சேர்த்துக் கொட்டினார்.

“ஒண்ணு போகுதே, வருத்தமா தாயி?”

“போகட்டும்யா” என்றாள் பேச்சி, முந்தானையை முடிந்துகொண்டே. “ஒண்ணு போகும்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன உலை வைப்பேன்.”