ராஜா மடியில் சிட்டு

முன்னொரு காலத்தில் மருதவேலி என்ற நாட்டை விருதகண்டர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் ஒரு சட்டம் போட்டு, மாலையில் அதைத் தானே மறந்துபோகிற நல்லவர்.

கடல் கடந்து வந்த குதிரை வியாபாரி ஒருவன், கூடையில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து அவருக்குக் காணிக்கை வைத்தான். ராஜா அதற்கு ஆசையாகச் ‘சிட்டு’ என்று பெயர் வைத்து மடியில் போட்டுக்கொண்டார். அது ராட்சத ஜாதி என்பதை மட்டும் வியாபாரி சொல்லாமல் போய்விட்டான். வருஷம் திரும்புவதற்குள் சிட்டு கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது. உடம்புதான் வளர்ந்தது, தான் மடியில் உட்காருகிற பிராணி என்ற எண்ணம் அப்படியே இருந்தது.

இதனால் சபை பட்ட பாட்டைக் கேளுங்கள். சிட்டு சிம்மாசனத்தில் தாவினால், ராஜா “வாடா செல்லம்!” என்று எழுந்து இடம் கொடுப்பார். ராஜா எழுந்தால் சபையே எழ வேண்டும் என்பது வழக்கம். சிட்டு இறங்கும், ராஜா உட்காருவார், சபையும் உட்காரும். மறுபடி சிட்டு ஏறும். ஒரு வழக்கு முடிவதற்குள் தொந்திப் புலவர்களுக்கு மூட்டு கழன்றுபோகும்.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் வந்தார். சிட்டு அன்போடு அவர் தோளில் இரண்டு காலையும் போட்டது. தூதர் தலைப்பாகையோடு தாமரைத் தொட்டிக்குள் போய்விட்டார்.

மகாராணிக்குப் பொறுக்கவில்லை. “பௌர்ணமிக்கு நம் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். இது மாப்பிள்ளை மடியில் ஏறினால் கல்யாணம் நடந்த மாதிரிதான்! ஒன்று இது அடங்கணும், இல்லை காட்டுக்குப் போகணும்!”

ராஜா கண் கலங்கிவிட்டார். இதற்காகவே காத்திருந்தவர்போல அரண்மனை அதிகாரி வீமராயர் எழுந்தார். அமைச்சர் தேனப்பரின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

“அரசே, தேனப்பருக்குத் தெரியாத வித்தை உண்டா? அவரே பழக்கட்டும். முடியாவிட்டால் நாய் காட்டுக்கு, மோதிரம் எனக்கு!”

“சபாஷ்!” என்றார் ராஜா.

தேனப்பர் ஒல்லி மனிதர். நாய் என்றாலே அவருக்கு ஆகாது. முதல் நாளே சிட்டு பாசத்தோடு அவர்மேல் சாய்ந்தது. மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ஆனாலும் பிடிவாதக்காரர். அது தாவினால் கையைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார். நான்கு காலும் தரையில் பட உட்கார்ந்தால் உடனே ஒரு துண்டு வறுத்த கறி. சிட்டு கெட்டிக்காரன், சட்டென்று புரிந்துகொண்டான். ஒரு மத்தியானம் அது அவர் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. இதைக் காட்டில் விட்டால் யார் மடியைத் தேடும் என்று நினைத்ததும் தேனப்பருக்கு நெஞ்சைப் பிசைந்தது.

ஆனால் காலையில் அவர் பழக்கியதை மாலையில் ராஜா கெடுத்தார். சிட்டு தாவும், ராஜா “செல்லம்!” என்று எழுவார், கதை பழையபடி.

‘தும்பை விட்டு வாலைப் பிடித்தேனே!’ என்று தலையில் அடித்துக்கொண்டார் தேனப்பர். ‘நாயிடம் ஒரு குறையும் இல்லை. பழக்க வேண்டியவர் சிம்மாசனத்தில் இருக்கிறார்.’ அதை ராஜாவிடம் சொன்னால் தலை இருக்காது. பூனைக்கு யார் மணி கட்டுவது?

அவர் சபையோரிடம் ரகசியமாகச் சொல்லிவைக்க, அன்று முதல் ஒரு புது ஏற்பாடு நடந்தது. சிட்டு தாவும்போது ராஜா எழுந்தால், சபை எழுந்து நின்று மௌனமாக விட்டத்தைப் பார்க்கும். ராஜா அசையாமல் இருந்தால், “ஆகா! மலை அசைந்தாலும் மன்னர் அசையார்!” என்று தேனப்பர் கைதட்டுவார், சபையும் தட்டும். ராஜாவுக்கு அது கற்கண்டாக இனித்தது. சில நாளில் சிட்டு வந்தாலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கைதட்டல் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார். பலிக்காத மடிக்குச் சிட்டும் தாவுவதை விட்டது.

பௌர்ணமியும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அமர்ந்தார்கள். சிட்டு சிம்மாசனத்தருகே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வீமராயருக்கு வயிறு எரிந்தது. இடுப்புக் கச்சையில் ஒளித்துவைத்திருந்த வறுத்த கறியை எடுத்து, மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டினார். நாய் பாயும், மாப்பிள்ளை உருளுவார் என்பது அவர் கணக்கு.

சிட்டு எழுந்தது. அது மாப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்து, வீமராயர் முன்னால் போய் உட்கார்ந்தது. அவர் பதறிப்போய்க் கறியைக் கச்சையில் செருகினார். அது நகரவில்லை. அவர் ஒதுங்கினால் தானும் ஒதுங்கி, மறுபடி எதிரே உட்கார்ந்தது.

“அவரிடம் அப்படி என்னதான் கேட்கிறது?” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

“அவர் கச்சையில் இருப்பதை மரியாதையாகக் கேட்கிறது, ஐயா” என்றார் தேனப்பர். பட்டுக் கச்சையில் எண்ணெய் படர்ந்திருந்ததைச் சபையே பார்த்துச் சிரித்தது.

வீமராயர் வெகுண்டு கத்தினார். “அரசே! இந்த மனிதர் உங்களையும் அல்லவா நாய்போல் பழக்கியிருக்கிறார்? அதற்குக் கறி, உங்களுக்குக் கைதட்டல்!”

சிரிப்பு அடங்கிவிட்டது. ராஜாவின் முகம் சிவந்தது. “உண்மையா, அமைச்சரே?”

“உண்மைதான், அரசே” என்றார் தேனப்பர், கழுத்தைத் தடவிக்கொண்டே. “ஆனால் சிட்டைவிடத் தாங்கள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டீர்கள்.”

ராஜாவின் முகம் மலர்ந்தது. நெஞ்சும் நிமிர்ந்தது. பிறகு சட்டென்று விரலை நீட்டினார். “ஓய்! இப்போது நீர் எனக்குப் போட்டதும் ஒரு துண்டு கறிதானே?”

“ஆமாம், அரசே. தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். சிட்டு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். தேனப்பருக்கு மோதிரம் நிலைத்தது, ஒரு முத்துமாலையும் கிடைத்தது. வீமராயருக்கும் ஒரு பதவி கிடைத்தது: தினமும் சிட்டைக் குளிப்பாட்டுவது. சிட்டு ஒருதரம் உடம்பை உதறினால், குளித்தது யார் என்றே தெரியாது.

மருதவேலிச் சபையில் அதற்குப் பிறகும் ராஜா எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். சிட்டு மட்டும் உட்கார்ந்தபடி தேனப்பரைப் பார்க்கும். ராஜாவும் அவரைத்தான் பார்ப்பார்.