தெரியாதவளின் மெட்டு

"டீச்சர், நான் ஒரு துளி சோகம்கூட வைக்கலைங்க. அப்புறமும் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு புரியலைங்க."

திருமூர்த்தி வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சகாயராணி டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். பவானியில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவர். திருமூர்த்தியைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் திருமூர்த்திக்கு இசையில் ஒரு சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் டீச்சர்.

திருமூர்த்தி சொன்னார்.

ஹசீனா என்று ஒரு எழுத்தாளர். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதியிருந்தார். பொன்னி என்ற பெண், அவள் அண்ணன் சேந்தன். அண்ணன் பரிசல் ஓட்டுகிறவன். கதையில் முக்கால்வாசி அவர்களுடைய சண்டையும் சிரிப்பும்தான். பிறகு ஒரு வெள்ளம் வருகிறது. சேந்தன் திரும்பி வருவதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவனுடைய பரிசலை எடுத்துக்கொண்டு பொன்னி ஆற்றில் இறங்குகிறாள்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் இசை வேண்டும், காதில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஹசீனா கேட்டிருந்தார். திருமூர்த்திக்கு அது பெரிய வாய்ப்பு. இத்தனை வருடம் விளம்பரங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் இசை போட்டவர். முதன்முதலாக ஒரு முழுக் கதை அவர் கைக்கு வந்திருந்தது.

"போன வாரம் நூலகத்துல சில பிள்ளைங்ககிட்டக் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டாவது அத்தியாயம். அண்ணனும் தங்கச்சியும் சைக்கிளுக்கு அடிச்சுக்கிறாங்க. சிரிப்பு அத்தியாயம். ஒரு பொண்ணு பாதியிலயே புத்தகத்தை மூடிட்டா."

"ஏன்?"

"'அக்கா, இந்த அண்ணன் சாகப்போறானா?'ன்னு கேட்டிருக்கா."

டீச்சர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஹசீனா போன்ல கத்திட்டாங்க. 'உங்க மியூசிக் என் கதையைக் கோள் சொல்லுது'ன்னாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா இசையே வேண்டாம், வெறும் புத்தகமாப் போட்டுக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"போடுங்க, கேப்போம்."

திருமூர்த்தி போட்டார். வேகமான தாளம். துள்ளுகிற மெட்டு. அடியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும், வயலினில் ஒரே ஒரு நீண்ட இழை.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுந்தார்.

"மாங்காய் பறிக்கணும். வாங்க."

"டீச்சர், இதுக்கு ஒரு வழி..."

"தொரட்டி கதவுக்குப் பின்னாடி இருக்கு. எடுத்துட்டு வாங்க."

கொல்லையில் ஒரு மரம். கொத்துக் கொத்தாகக் காய். டீச்சர் மதில்மேல் ஏறி நின்று தொரட்டியை மாட்டினார். திருமூர்த்தி கீழே அலுமினிய அன்னக்கூடையை ஏந்திக்கொண்டு நின்றார்.

முதல் காய் கூடைக்குள் விழவில்லை. அவர் தலையில் விழுந்தது.

"ஐயோ!"

"கூடை எங்க இருக்கு, தலை எங்க இருக்கு?" டீச்சர் மதில்மேல் நின்றபடியே சிரித்தார்.

அடுத்த காய் தோளில். அதற்கடுத்தது பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. அங்கிருந்து ஒரு ஆட்டின் குரல் மட்டும் வந்தது. டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். திருமூர்த்திக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோனது.

கூடை நிரம்ப நிரம்ப அவர் கை தானாக அதன் விளிம்பில் தாளம் போட்டது. வாய் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தது. டீச்சர் மேலேயிருந்து அதற்கு ஒரு அடி சேர்த்துப் பாடினார். இவர் பதிலுக்கு ஒன்று. அவர் மறுபடி ஒன்று. காய்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"போதும்ங்க டீச்சர். இவ்வளவு மாங்காய் எதுக்கு?"

"ஊறுகாய்க்கு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். அதுக்குள்ள போட்டு வெச்சுடலாம்னு."

"ஆஸ்பத்திரியா? யாருக்குங்க?"

"எனக்குத்தான்." டீச்சர் தொரட்டியை அடுத்த கிளைக்கு மாற்றினார். "கழுத்துல ஒரு கட்டி. எடுத்துடறாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. குரல் மிஞ்சுமான்னுதான் டாக்டராலயே சொல்ல முடியலை."

திருமூர்த்தி கூடையைக் கீழே வைத்தார்.

"இறங்குங்க டீச்சர். நான் பறிக்கிறேன். நீங்க போய் உட்காருங்க."

"ஏன்?"

திருமூர்த்தி டீச்சரின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் இறங்கி வந்தார். கூடையைக் கவிழ்த்துக் காய்களைச் சாக்கில் கொட்டினார். வெறும் கூடையை அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் பாடினீங்களே, அதை இன்னொரு தடவை பாடுங்க."

திருமூர்த்தி பாடினார். தாளம் தப்பவில்லை. மெட்டும் மாறவில்லை.

"இது வேற," என்றார் டீச்சர்.

"அதேதாங்க டீச்சர்."

"அதேதான். ஆனா வேற."

திருமூர்த்தி மறுபடி முயன்றார். குரலைத் தூக்கினார். வேகத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட மோசமானது. கடைசியில் கூடையைத் தட்டுவதையே நிறுத்திவிட்டார்.

"அப்ப எனக்குத் தெரியாதுங்களே, டீச்சர்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சைக்கிளுக்கு அடிச்சுக்கிறப்போ பொன்னிக்குத் தெரியுமா?"

ஆடு இன்னொரு தடவை கத்தியது. திருமூர்த்தி கையிலிருந்த கூடையை மெல்லக் கீழே இறக்கினார்.

டீச்சர் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து காயை நறுக்கத் தொடங்கினார். ஒரு துண்டில் உப்பைத் தொட்டு அவரிடம் நீட்டினார். புளிப்பில் அவர் கண் சுருங்கியது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எனக்குத் தெரியாது, சிரிச்சேன். உங்களுக்குத் தெரியுமே. நீங்க எப்படிச் சிரிச்சீங்க?"

"மாங்காய் உங்க தலையில விழுந்துச்சு," என்றார் டீச்சர். "நீங்க முழிச்ச முழிக்குச் சிரிப்பு வந்துச்சு."

அவர் அடுத்த காயை எடுத்து நறுக்கினார்.

வீட்டுக்குப் போனதும் திருமூர்த்தி முதலில் அந்த வயலின் இழையை எடுத்து எறிந்தார். பிறகு மற்ற அத்தியாயங்களைப் போட்டுக் கேட்டார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் அந்த இழை ஒளிந்திருந்தது. ஒன்றில் புல்லாங்குழலாக, ஒன்றில் வீணையாக. அந்த இழைகள் அத்தனையையும் ஒரு வாரம் உட்கார்ந்து அழித்தார்.

வாத்தியம் வாசிப்பவர்களைக் கூப்பிட்டார். யாருக்கும் முழுக் கதையைச் சொல்லவில்லை.

"அண்ணனும் தங்கச்சியும் ஒரு சைக்கிளுக்கு அடிச்சுக்கிறாங்க. யார் ஜெயிக்கிறாங்கன்னு நீங்களே வாசிங்க."

"அப்புறம் என்ன ஆகும்?" என்று தவில்காரர் கேட்டார்.

"அது அப்புறம்."

தவிலும் நாதஸ்வரமும் நிஜமாகவே அடித்துக்கொண்டன. நடுவில் தவில்காரர் சிரித்துவிட்டார். திருமூர்த்தி அந்தச் சிரிப்பை எடுக்காமல் அப்படியே விட்டார்.

வெள்ளம் வரும் அத்தியாயத்துக்கு அவர் இசை எதுவுமே வைக்கவில்லை.

கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதற்கு அவர் முன்பு செய்து வைத்திருந்தது ஒரு ஒப்பாரி. அழகான ஒப்பாரி. ஹசீனாவே அதைக் கேட்டு அழுதிருந்தார்.

திருமூர்த்தி அதை ஒருமுறை போட்டார். பாதியில் நிறுத்தினார். பொன்னிக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்துதான் துடுப்பை எடுக்கிறாள். கரையில் ஆட்கள் நிற்கிறார்கள், அக்கரைக்குப் போக வேண்டும்.

அவர் புதிதாக எழுதினார். துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிற தாளம். அதன்மேல், ஏறுங்க ஏறுங்க என்று ஆட்களைக் கூப்பிடுகிற ஒரு பெண் குரல்.

ஹசீனா கேட்டுவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

"நான் எழுதினப்போ அவ அழுதுக்கிட்டே போறான்னு நெனச்சேன்," என்றார் ஹசீனா. "இப்பத்தான் பார்க்கிறேன், அழுதான்னு எங்கேயுமே நான் எழுதலை."

நூலகத்தில் புத்தகத்தை மூடிய அந்தச் சிறுமியிடம் மறுபடி கொடுத்தார்கள். சைக்கிள் அத்தியாயத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததாகவும், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டதாகவும் ஹசீனா சொன்னார். இசையோடுதான் புத்தகம் வரும் என்றும் சொன்னார்.

அச்சான புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி பவானிக்குப் போனார்.

டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். நேற்றோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்த டீச்சரின் அக்கா சொன்னார். ஆனாலும் இன்னும் வாயைத் திறக்கவில்லையாம்.

திருமூர்த்தி அவரை எப்படிப் பார்ப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். கடைசியில் ஒன்றும் யோசிக்காமல் புத்தகத்தையும் இசை கேட்கும் காதுக் கருவியையும் நீட்டினார்.

டீச்சர் அன்று மதியம் முழுக்கப் படித்தார். சைக்கிள் அத்தியாயத்தில் தோள் குலுங்கியது. வெள்ளம் வந்தபோது, கருவி நின்றுவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காத அதையே மறுபடி காதில் மாட்டிக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தில் அவர் விரல் நாற்காலியின் கையில் துடுப்பின் தாளம் போட்டது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டே இருந்தது.

புத்தகத்தை மூடினார். தண்ணீர் குடித்தார். வாயைத் திறந்தார்.

வந்தது பழைய குரல் இல்லை. ஒரு ஆணின் குரலைப்போல அடியில் இருந்தது. கரகரப்பாக, ஈரமாக. சமையலறையில் அக்காவின் கையிலிருந்து ஏதோ கீழே விழுந்தது.

டீச்சர் தன் குரலைத் தானே உற்றுக் கேட்டார், யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல.

"திருமூர்த்தி."

"சொல்லுங்க டீச்சர்."

"அந்தச் சுருதிப் பெட்டியை எடுங்க. இது எந்தச் சுருதியில நிக்குதுன்னு பார்ப்போம்."