பெயரில்லாத கணு

"எந்தக் கிளையைத் திறந்தாலும் அது உள்ள இருக்கு, டீச்சர்," என்றார் இருதயராஜ்.

"எது?"

"பேரில்லாத ஒரு கணு."

பர்வீன் டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். இன்னும் திறக்காத ஒரு மருத்துவமனை. அதன் லிஃப்ட்டுக்கான புரோகிராம் இருதயராஜிடம் வந்திருந்தது. அவருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுப்பது பர்வீன்.

திரையில் அந்தப் புரோகிராம் ஒரு மரம்போல விரியும். மாடிக்கொரு கிளை. கிளைக்குள் கட்டளைகள் அடங்கிய கணுக்கள். கணுவுக்குக் கணு தலையில் ஒரு பெயர். அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"எழுதினவர்கிட்டக் கேட்டீங்களா?"

"அவர் செத்துப்போயிட்டார்."

"உள்ளே என்ன இருக்கு?"

"திறக்கலை." குரல் தாழ்ந்தது. "பயமா இருக்கு."

"ஒரு பேர் வைங்க. பயம் போயிடும்."

"என்னன்னே தெரியாம என்ன பேர் வைக்கிறது?"

"அப்ப அழிச்சிடுங்க. அழிச்சிட்டு லிஃப்ட்டை ஓட்டிப் பாருங்க. கதவு திறக்குறதை மட்டும் பாருங்க. உள்ளே போகாதீங்க."

திரையில் மாடி மாடியாகப் போய் அழித்தார். மனசு லேசாயிற்று.

மருத்துவமனையின் ஐந்தாம் மாடி. ஆளில்லாத நடைவழி. புதுப் பெயின்ட் வாசனை. பர்வீன் படிக்கட்டோரம் நின்றுகொண்டார்.

இருதயராஜ் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. கையிலிருந்த மடிக்கணினியில் அந்தக் கணு திரும்ப வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டே, சொன்னதை மறந்து, காலைத் தூக்கினார்.

"நில்லு!"

கால் அப்படியே நின்றது.

எதிரே லிஃப்ட் இல்லை. இருட்டு. அடியிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வெகு கீழே ஏதோ முனகிக்கொண்டு மேலே ஏறி வந்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்துப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"நல்லவேளை, கத்துனீங்க டீச்சர்."

பர்வீனின் முகம் வெளுத்திருந்தது.

"வாயைத் திறந்தேன். சத்தம் வரலை."

"அப்ப யாரு..."

இருவரும் நடைவழியைப் பார்த்தார்கள். கதவு மெல்ல மூடிக்கொண்டது.

இருதயராஜ் படியிலேயே உட்கார்ந்தார். அழித்ததை மீட்டார். முதன்முறையாக அதைத் திறந்தார். உள்ளே ஒரே கட்டளை: லிஃப்ட் வந்து நிற்கும்வரை கதவைத் திறக்காதே.

அதன் தலையில் எதையோ தட்டினார். திரையில் எல்லா மாடிக் கிளைகளிலும் அந்த எழுத்துகள் வந்து நின்றன.

"என்ன பேர் வச்சீங்க?" என்று கேட்டார் பர்வீன்.

"நான் வைக்கலை, டீச்சர். காதுல விழுந்ததை எழுதினேன்."