கரிச்சான் கூத்தும் காணாமல் போன முட்டைகளும்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், பொழுது சாய்ந்தால் போதும், எல்லோருடைய கால்களும் ஆற்றோரத்து மருதமரத்தை நோக்கித்தான் நடக்கும். அங்கே தினமும் கரிச்சான் கூத்து நடக்கும்.

கரிச்சான் சின்னப் பறவைதான். ஆனால் அதன் தொண்டைக்குள் காடே குடியிருந்தது. யானை தும்முவது, தாய்க்குரங்கு குட்டியைத் திட்டுவது, தவளை தண்ணீரில் விழுவது என்று எந்தக் குரல் கேட்டாலும் அப்படியே எடுத்துவிடும்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு கௌதாரி உட்கார்ந்திருக்கும். அதற்குக் கூச்சம் அதிகம். "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால்கூடத் தலையைக் குனிந்து மண்ணைக் கொத்தும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் கூச்சம் பறந்துவிடும். முதலில் முள்ளம்பன்றி முட்கள் சலசலக்கச் சிரிக்கும். அதைப் பார்த்துக் காட்டுக்கோழி சிரிக்கும். பெண்மயில் சிரிக்கக் கூடாதென்று கழுத்தை விறைப்பாக வைத்துப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சிரிக்கும். அதற்குமேல் கௌதாரியால் தாங்க முடியாது.

கூத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு நடக்கும். யாராவது வராவிட்டால், "ஏன் காணோம்?" என்று தேடி ஆள் போகும்.

ஒருநாள் காட்டுக்கோழி கோபமாக வந்தது. "பகலில் இரை பொறுக்கப் போனேன். திரும்பி வந்தால் கூட்டில் ஒரு முட்டையைக் காணோம்! எடுத்தவன் மட்டும் என்னிடம் அகப்படட்டும், கண்ணைக் கொத்திவிடுகிறேன்!"

அன்றைக்கே எல்லோரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இரைக்குப் போனால் இன்னொருவர் கூட்டுக்குக் காவல். நாளைக்கு யார் முறை என்பதை முந்தின மாலை மரத்தடியில் பேசிக்கொள்வார்கள். அதன் பிறகு முட்டை எதுவும் காணாமல் போகவில்லை.

சில நாட்கள் கழித்து உடும்பு கௌதாரியின் புதருக்கு வந்தது. உடும்பின் பேச்சில் எப்போதும் தேன் சொட்டும்.

"தங்கச்சி, நீ படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. மயிலின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உனக்குக் கூத்தில் என்னதான் தெரிகிறது? கரிச்சானே உன் வாசலுக்கு வந்து நடத்தினால் எப்படி இருக்கும்?"

"எனக்காக மட்டுமா? கரிச்சான் அண்ணன் வருவாரா?"

"வரவைப்பது என் பொறுப்பு."

உடும்பு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பேச்சுப் பேசியது. பெண்மயிலிடம், "உன் குலத்தில் பிறந்தவள் கண்டவர்களோடு தரையில் உட்காரலாமா?" என்றது. முள்ளம்பன்றியிடம், "உன் முள் குத்துகிறதென்று எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்" என்றது. காட்டுக்கோழியிடம், "உன் கோபத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்" என்றது. கரிச்சானிடம் போய், "ஒரு கூத்துக்கு ஒரு பாராட்டுதானே? வாசல் வாசலாகப் போனால் வாசலுக்கொரு பாராட்டு!" என்றது. கரிச்சானுக்குப் புகழ் என்றால் உயிர். உடனே ஒப்புக்கொண்டது.

மருதமரத்தடி வெறிச்சோடிப் போயிற்று. யார் முறை என்று பேசிக்கொள்ள இடமில்லாததால் கூட்டுக் காவலும் நின்றுபோயிற்று.

முதல் நாள் கரிச்சான் தன் வாசலுக்கு வந்தபோது கௌதாரிக்குப் பெருமை தாங்கவில்லை. கரிச்சான் யானையைப் போலத் தும்மியது. கௌதாரி சிரித்தது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பியது. அங்கே கறையான் புற்றுதான் இருந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நன்றாக இல்லையா?" என்று கேட்டது கரிச்சான்.

"நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா" என்றது கௌதாரி. ஆனால் இதே தும்மலுக்கு மரத்தடியில் வயிறு வலிக்கச் சிரித்தோமே, இன்று என்ன ஆயிற்று என்று அதற்குப் புரியவில்லை.

மறுநாள் கௌதாரி இரை தேடிப் போய்த் திரும்பியது. கூட்டில் இருந்த ஏழு முட்டைகளில் ஆறுதான் இருந்தன. எண்ணியதில் தவறோ என்று மறுபடி எண்ணியது. ஆறுதான். அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் நான்கு. தூரம் போகாமல் பசியோடு புதரைச் சுற்றிச் சுற்றியே வந்தும், கண்ணயர்ந்த நேரத்தில் இன்னொன்றும் போயிற்று.

'எல்லோரும் குஞ்சு பொரிக்கிறார்கள். எனக்கு மட்டும் முட்டையைக் காக்கக்கூடத் தெரியவில்லையே!' என்று அது குன்றிப்போயிற்று. வழியில் பெண்மயில் எதிரே வந்தது. அதுவும் தலையைத் திருப்பிக்கொண்டு போயிற்று. 'என் லட்சணம் அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது' என்று நினைத்த கௌதாரி முகத்தை மறைத்துக்கொண்டது.

அன்று உடும்பு ஆறுதல் சொல்ல வந்தது.

"முட்டை போனதை நினைத்து மனதை விட்டுவிடாதே, தங்கச்சி. ஒன்று சொல்கிறேன், யாரிடமும் மூச்சு விடாதே. இவளெல்லாம் ஒரு தாயா என்று கைகொட்டிச் சிரிப்பார்கள்."

கௌதாரி கண்ணீரோடு தலையாட்டியது.

மாலையில் கரிச்சான் வந்தது. "இன்றைக்குப் புதிய குரல் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். கேள்!" என்று சொல்லிக் கழுத்தை நீட்டியது.

"நான்கு... நான்கா? இல்லையே, காலையில் ஐந்து இருந்ததே. ஒன்று, இரண்டு, மூன்று..."

கௌதாரி கரிச்சானின் அருகே ஓடிவந்தது. "இது யார் குரல், அண்ணா?"

"பெண்மயில்தான். புதருக்குள் இப்படியே எண்ணிக்கொண்டிருந்தது. வேடிக்கையாக இல்லை? காட்டுக்கோழியும் இப்படித்தான். அதன் குரலிலும் எடுக்கட்டுமா?"

கௌதாரி தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "வேண்டாம், அண்ணா. இங்கே வேண்டாம். மரத்தடியில் எடுங்கள்" என்றது.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"நான் கூப்பிடுகிறேன்."

வாய் திறக்கவே கூசுகிற அந்தக் கௌதாரி, மருதமரத்தின் வேர்மேல் ஏறி நின்றது. கண்களை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கூவியது. என்னவோ ஏதோ என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். உடும்பும் வந்தது. தான் மட்டும் வராவிட்டால் சந்தேகப்படுவார்களே!

கரிச்சான் பெண்மயிலின் குரலில் எண்ணியது. பிறகு காட்டுக்கோழியின் குரலில் எண்ணியது. யாரும் சிரிக்கவில்லை.

பெண்மயிலின் விறைத்த கழுத்து மெல்லத் தாழ்ந்தது. "ஆமாம், என் முட்டைகள்தான் போயின. எல்லோரும் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் சொல்லவில்லை."

"எனக்கும் இரண்டு போய்விட்டன. சிரிப்பீர்களென்று வாயை மூடிக்கொண்டேன்" என்றது காட்டுக்கோழி.

"சிரிப்போமென்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டது கௌதாரி.

இரண்டும் ஒரே மூச்சில், "உடும்பு" என்றன.

கௌதாரி உடும்பின் பக்கம் திரும்பியது. "எனக்கும் நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள். என் முட்டை போனதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"அது... கரிச்சான்தான் சொன்னது" என்று உளறியது உடும்பு.

"எனக்கே இப்போதுதான் தெரியும்!" என்று சீறியது கரிச்சான்.

உடும்பு பின்வாங்கியது. பின்னால் முள்ளம்பன்றி முட்களை விரித்து நின்றது. உடும்பு பக்கவாட்டில் பாய்ந்தது. காட்டுக்கோழி கண்ணைக் குறிவைத்துப் பறந்து வந்தது. தப்பித்தால் போதுமென்று ஆற்றில் குதித்த உடும்பு, நீந்தி அக்கரை ஏறியது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அது தலைகாட்டவேயில்லை.

திருடன் போய்விட்டான். போன முட்டைகள் போனவைதான்.

கரிச்சான் தலையைக் குனிந்தது. "பாராட்டுக்கு ஆசைப்பட்டுக் கூட்டத்தைக் கலைத்தேன். அழுகையை வேடிக்கை என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள். இன்றைக்குக் கூத்து வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்."

"நடத்துங்கள், அண்ணா" என்றது கௌதாரி. "இப்போது வீட்டுக்குப் போனால், ஆளுக்கொரு புதரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டுதான் இருப்போம்."

கரிச்சான் கூத்தைத் தொடங்கியது. முதலில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தவளை தண்ணீரில் விழுந்தபோது முள்ளம்பன்றியின் முட்கள் லேசாகச் சலசலத்தன. பெண்மயில் சிரித்தது; சிரித்தபடியே அழுதது. கௌதாரி அதன் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

கூத்து முடிந்ததும் யாரும் தனியாகப் போகவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து முதலில் கௌதாரியின் புதருக்குப் போனார்கள். இலைகளை விலக்கி, ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, வாய்விட்டு எண்ணினார்கள்.

மூன்று முட்டைகளும் இருந்தன.

நீதி: கூடிச் சிரிக்க ஓர் இடம் உள்ளவர்களுக்கே, குறையைக் கூடிச் சொல்லவும் ஓர் இடம் உண்டு.