துடைப்பத்துக்குத் திறந்த கதவு

நூற்பாலை அலுவலகத்தைப் பெருக்கும் தவமணியிடம், இறந்துபோன மகன் கவினின் செல்போன் இருந்தது. அதிலுள்ள விளையாட்டில் அவன் வளர்த்த வீரன் நீலத் தொப்பியோடு ஓர் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு மிஞ்சியது அந்த வீரன்தான்.

ஒரு நாள் அந்த போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்ப்யூட்டரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்ளும் மேனேஜர் சபேசனிடம் காட்டினாள்.

"சாயங்காலத்துக்குள்ளே இந்தப் பக்கத்துல பாஸ்வேர்டு போடலேன்னா விளையாட்டுக் கணக்கை அழிச்சிடுவாங்களாம். சொல்லு, நான் போட்டுத் தர்றேன்."

தவமணி தன் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "துடைப்பம்னு போடுங்க சார்."

"அதுவா பாஸ்வேர்டு?"

"இல்லீங்க. சும்மா தப்பா ஒண்ணு போட்டுப் பாருங்க."

"பெருக்குற நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தபடியே போட்டார். 'நன்றி, உங்கள் கணக்கு காப்பாற்றப்பட்டது' என்று உடனே வந்ததை அவரே வாசித்தார்.

"அப்ப இது திருட்டுப் பக்கம் சார். அவன் போனப்புறம் நாப்பது நாள் என்னென்னமோ போட்டேன். அவன் பேரு, பொறந்த நாளு, என் பேரு. அவன் நோட்டுல எழுதி வெச்சது கிடைக்கிற வரைக்கும் நிஜ விளையாட்டு என்னை உள்ளே விடவே இல்லை. பெத்தவளுக்குத் திறக்காதது துடைப்பத்துக்குத் திறக்குமா?"

சபேசனின் சிரிப்பு நின்றது. போன வாரம் இதே மாதிரி ஒரு மின்னஞ்சலுக்கு அவர் தன் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். அவசரமாகத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

தவமணி வெளியே வந்து விளையாட்டைத் திறந்தாள். வீரன் அங்கேயே நின்றான். அவளுக்கு ஆடத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, அவனை நின்ற இடத்திலேயே விட்டு மூடினாள்.