கண்டபடி அழுத்துங்க சார்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி பஸ் டிக்கெட் சாஃப்ட்வேர் செய்து முடித்திருந்தது. வாங்க வந்த பஸ் முதலாளி தங்கமுத்துவின் கண்ணெதிரிலேயே, மேனேஜர் ஸ்ரீதரன், சாஃப்ட்வேரைச் சோதித்துக் குறை சொல்லும் டெஸ்டர் மெஹருன்னிசாவின் போனைப் பிடுங்கினார்.

"ஆபீஸ்ல உக்காந்து கேம் ஆடுறா. கேட்டா, கேமைப் பார்த்துத்தான் சாஃப்ட்வேர் செய்யக் கத்துக்கணுமாம்! என் சாஃப்ட்வேர்ல என்ன குறை? இப்பவே இவர் முன்னாடி காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு."

"முதல்ல அந்த கேமை ஒரு ஆட்டம் ஆடுங்க சார்."

ஸ்ரீதரன் அலட்சியமாகக் கண்டபடி அழுத்தினார். கேமில் ஓடிய குரங்கு பள்ளத்தில் விழுந்தது, உடனே எழுந்து நின்றது. மறுபடி விழுந்தது. அடுத்த தடவை தாண்டிவிட்டது.

"யாரும் சொல்லித்தரலியே, எப்படி சார் கத்துக்கிட்டீங்க?"

"அழுத்தி அழுத்தித்தான். விழுந்தா என்ன, குடியா முழுகிப்போச்சு?"

"அப்ப நம்ம சாஃப்ட்வேர்லயும் அதே மாதிரி அழுத்துங்க. ஓட்டிப் பார்க்க ஐயாவோட இன்னைய புக்கிங் எல்லாத்தையும் அதுலதான் ஏத்தியிருக்கோம்."

ஸ்ரீதரனின் விரல் திரையருகே போய் அப்படியே நின்றது. ஒன்றைத் தப்பாகத் தொட்டால் அத்தனை புக்கிங்கும் அழிந்துபோகும், திரும்ப வராது. அது அவருக்குத் தெரியும்.

தங்கமுத்து எழுந்தார். "செஞ்ச நீங்களே தொடப் பயப்படுறீங்க. ஓடுற பஸ்ல என் கண்டக்டர் எப்படிங்க தொடுவான்? இந்தப் பொண்ணு சரின்னு சொன்னப்புறம் என்னைக் கூப்பிடுங்க."