கருங்காலித் தெப்பம்

முன்னொரு காலத்தில், கேள்வி பதில் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் அரசர் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துச் சபையில் வினாடி வினா நடத்துவார். வென்ற பிள்ளைக்கு அரண்மனைக் கல்விச்சாலையில் இடம். படிப்பு முடியும்வரை சோறும் துணியும் அரசர் பொறுப்பு. ஒருமுறை விடை சரியா தவறா என்று பெற்றோர்கள் சண்டை போட, சபை சந்தைக்கடை ஆகிவிட்டது. கோபத்தில் அரசர் ஓர் ஆணை போட்டார். நடுவர் சொல்வதே உண்மை, மறுப்பவருக்கு நாடுகடத்தல்.

நடுவர் வாகீச பண்டிதரைக் கேட்கவா வேண்டும்? அன்று முதல் அவர் கால் தரையில் படவில்லை.

அந்த ஆண்டு கடைசிச் சுற்றில் இருவர் சமமாக நின்றார்கள். ஒருவன் பண்டிதரிடமே படிக்கும் மந்திரி மகன். இன்னொருத்தி ஆற்றங்கரைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த அஞ்சலை.

"தண்ணீரில் மூழ்கும் மரம் உண்டா?" என்று கேட்டார் பண்டிதர்.

"உண்டு. கருங்காலி" என்றாள் அஞ்சலை.

"இல்லை. எல்லா மரமும் மிதக்கும்" என்றான் மந்திரி மகன்.

பண்டிதர் வைத்திருந்த விடையும் அதுவே. தம் ஆசிரியர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவர், ஒரு நாளும் ஒரு கட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. மந்திரி மகனே வென்றான் என்று அறிவித்து மணியை அடித்தார்.

"ஐயா, ஒரு துண்டு கருங்காலியத் தண்ணியில போட்டுப் பாருங்க" என்று அஞ்சலை கெஞ்சினாள்.

"மணி அடித்தாயிற்று, பெண்ணே. இனிப் பேச்சில்லை."

அரசவை விகடகவி பொன்னுரங்கத்துக்குப் பொறுக்கவில்லை. சரியான விடை சொன்ன பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது, இத்தனை பெரிய மனிதர்கள் தாம்பூலம் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று மனம் கொதித்தது. அவர் முகம் சிவந்ததைப் பண்டிதர் கவனித்துவிட்டார். அரசரிடம் பொன்னுரங்கத்துக்கு இருந்த செல்வாக்கு அவருக்கு நெடுநாளாகவே கண்ணில் விழுந்த தூசி.

"தீர்ப்பில் தங்களுக்கு ஏதேனும் ஆட்சேபம் உண்டோ?" என்று தேன் ஒழுகக் கேட்டார்.

உண்டு என்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஆட்சேபமா? எல்லா மரமும் மிதக்கும் என்பதை முழு மனதோடு நம்புகிறேன்" என்ற பொன்னுரங்கம் அரசரை வணங்கினார். "பிரபு, நாளை குளத்து நடுவிலுள்ள நீராழி மண்டபத்தில் பரிசளிப்பு. நடுவரை அங்கே ஏற்றிச் செல்லும் தெப்பத்தை அடியேனே கட்டித் தர அனுமதிக்க வேண்டும்."

அரசர் தலையசைத்தார். ஒருவழியாக இவன் வழிக்கு வந்துவிட்டான் என்று பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் மாலை குளக்கரையில் ஊரே கூடியது. தோற்றவர்கள் கரையில் நின்று கைதட்ட வேண்டும் என்பதும் பண்டிதர் போட்ட விதிதான். அஞ்சலையும் நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்கப் பொன்னுரங்கத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

படித்துறையில் நீர் நனைக்கும் படிமேல் தெப்பம் கருகருவென்று கிடந்தது. மேலே பட்டு விரிப்பு. பண்டிதர் பொன்னாடை புரள ஏறி நின்றார். நாலு ஆட்கள் முக்கி முனகித் தள்ளினார்கள். படியை விட்டு நகர்ந்ததும் தெப்பம் நேராக அடிக்குப் போயிற்று. பண்டிதர் கழுத்தளவு நீரில் நின்றார். பொன்னாடை மட்டும் மிதந்தது.

"பொன்னுரங்கம், என்ன இது?" என்று அரசர் அதட்டினார்.

"கருங்காலித் தெப்பம், பிரபு. எல்லா மரமும் மிதக்கும் என்பது நடுவர் தீர்ப்பு. நான் சந்தேகப்பட்டிருந்தால் என்னை நாடு கடத்தியிருப்பீர்கள். தீர்ப்பை மறுத்தது இந்தக் கட்டை. கடத்துவதென்றால் இதைக் கடத்துங்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

"சிரிக்கும் காரியமல்ல, பிரபு. ஒரு துண்டு மரத்தைக் குளத்தில் போட்டுப் பார்க்க நமக்குச் சோம்பல். அதற்கு ஒரு குழந்தையின் படிப்பை விலையாகக் கொடுத்தோம். ஆணை போட்டது தாங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தது நாங்கள்."

அரசரின் சிரிப்பு நின்றது. குளத்தை நோக்கித் திரும்பினார்.

"பண்டிதரே, தண்ணீரில் மூழ்கும் மரம் உண்டா?"

பண்டிதர் வாயிலிருந்த நீரைத் துப்பினார். "உண்டு, பிரபு. கருங்காலி."

அரசர் அஞ்சலையைப் பார்த்தார். "நீ சொல், அம்மா. விடை சரியா?"

"சரிதாங்க" என்றாள் அஞ்சலை. "ஆனா மணி நேத்தே அடிச்சாச்சு."

அரசருக்கு மறுபடி சிரிப்பு பீறிட்டது. இம்முறை பொன்னுரங்கமும் சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. கல்விச்சாலை இடம் அஞ்சலைக்கு. மிதந்துகொண்டிருந்த பொன்னாடையை எடுக்கச் சொல்லி, ஈரத்தோடே பொன்னுரங்கத்தின் தோளில் அரசர் தம் கையால் போர்த்தினார்.